மைதானத்தில் வைத்த பூ

அது எலுமிச்சம்பழ மூடை தாயி, பயப்படாத, காலை நல்லா நீட்டிக்க. நசுங்குனாலும் ஒண்ணும் ஆகாது, எப்படியும் பிழியத்தான போறோம். நீ திருச்சி வரைக்குமா? நானும் திருச்சிதான். நல்லதாப் போச்சு. ஜன்னல் சீட்டை நீயே வச்சுக்க. எனக்கு வெளிய பாத்தா தலை சுத்தும், உள்ள பாத்துப் பேசிக்கிட்டே வந்தா ஒண்ணும் செய்யாது.

இம்புட்டு எலுமிச்சம்பழம் எதுக்குன்னு கேக்க நெனக்கிற. கேளு, கேட்டா என்ன? ரக்பிக்கு. ஆமா, ரக்பி. பாத்தியா, படிச்ச புள்ள நீயே முழிக்கிற. போன ஆவணி வரைக்கும் எனக்கும் தெரியாது. யாராச்சும் ரக்பின்னு சொல்லியிருந்தா ஏதோ சோப்புன்னு நெனச்சிருப்பேன்.

நான் ராஜபாளையத்துல மாவு மில்லு வச்சிருக்கேன். மாரிக்கனி மில்லுன்னா ஆட்டோக்காரன் கொண்டாந்து விட்டுருவான். மிளகா, மல்லி, மஞ்சள், கம்பு, எல்லாம் அரைப்போம். வீட்டுக்காரர் தவறுனதுல இருந்து நான்தான் பாக்குறேன். ஒரே மகன், செண்பகராஜ். மதுரையில வண்டிக்கு லோன் குடுக்குற கம்பெனில வேலை. வயசு முப்பத்தி நாலு. குடி கிடையாது, சிகரெட்டு கிடையாது, முன்மண்டையில முடி மட்டும் கொஞ்சம் குறைச்சல். அதை நான் யாருகிட்டயும் மறைக்கிறதில்ல. போட்டோ மட்டும் பழசு குடுப்போம்.

அவனுக்குப் பொண்ணு பாத்துப் பாத்து எனக்குக் காலு தேஞ்சு போச்சு தாயி. ஒரு வீட்ல ஜாதகம் பொருந்தலம்பாக. ஒரு வீட்ல பொண்ணு மேல படிக்குதும்பாக. ஒரு வீட்ல மாமியா மில்லுக்காரி, வாய் ஜாஸ்தியா இருக்கும்னு சொன்னாகளாம். என்னைய. நான் எதுலயாச்சும் தலையிடுற ஆளா சொல்லு. நீயே பாக்குறேல்ல, உக்காந்ததுல இருந்து நான் பாட்டுக்கு இருக்கேன்.

அவன்கிட்டப் பேச்செடுத்தா, "இப்ப எதுக்கும்மா"ம்பான். கூச்சம். அவங்க ஆபீசுல மெர்சின்னு ஒரு புள்ள, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ள, தங்கம்னா தங்கம். எனக்கு பிரஷர் மாத்திரை மாசா மாசம் அதுதான் வாங்கிக் குடுத்து விடும். "அந்தப் புள்ளைக்கும் அவுக ஆளுகள்ல ஒரு நல்ல எடமாப் பாக்கச் சொல்லுடா"ன்னேன் எம் மகன்கிட்ட. போனு கட்டாயிருச்சு. மதுரையில அந்தப் பக்கம் டவர் சரியில்ல.

சரி, ரக்பிக்கு வாரேன். தரகர் ஒரு எடம் கொண்டாந்தாரு. பொண்ணு பேரு ஜெயதுர்கா, ஸ்கூல்ல பி.டி. டீச்சர். அப்பா தங்கப்பழம், மரக்கடை வச்சிருக்காரு. ஜாதகம் பொருந்துச்சு. போட்டோவைப் பாத்துட்டு அவுக வீட்ல முடியைப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. எனக்கு அப்பவே சந்தேகம்தான்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு தாயி. முறையா பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி, பொண்ணுக்குத் தெரியாம ஒருதரம் பாத்துருவோம். கோயில்ல, ஜவுளிக்கடையில, இல்ல யாராவது கல்யாண வீட்டுப் பந்தியில. பொண்ணோட அப்பனுக்குத் தெரியும், பொண்ணுக்குத் தெரியாது. பிடிச்சா அடுத்து பூ வைக்க நாள் பாக்குறது. பிடிக்கலேன்னா சத்தங்காட்டாம போயிர்றது. யாருக்கும் மனத்தாங்கல் இல்ல பாரு. ஆனா பூ மட்டும் வச்சுட்டா முடிஞ்சது. மாப்பிள்ள வீட்டுப் பொம்பள பொண்ணு தலையில பூவை வச்சுட்டா அவ நம்ம வீட்டுப் பொண்ணு. அதுக்கப்புறம் வேணாம்னா பெரிய அசிங்கம். வச்ச பூவை எடுத்தா வச்ச வீட்டுக்கு ஆகாதும்பாக.

"ஞாயித்துக்கிழமை எந்தக் கோயிலுக்கு வரும் பொண்ணு?"ன்னு தங்கப்பழம் அண்ணாச்சிகிட்டப் போன்ல கேட்டேன். ரெண்டு தரம் இருமுனாரு. அப்புறம், "கோயிலுக்கு வராது. மைதானத்துல இருக்கும்"னாரு. ஏதோ விளையாடுமாம். "கல்யாணம்னா நிறுத்திரும், அதை வச்சு நீங்க ஒரு முடிவுக்கு வந்துராதீங்க"ன்னாரு. நான் இறகுப்பந்துன்னு நெனச்சுக்கிட்டேன்.

நானும் என் நாத்தனா வேலுத்தாயும் கிளம்புனோம். வேலுத்தாயி என் வீட்டுக்காரரோட தங்கச்சி. எங்க தெருவுல எந்த நல்லது கெட்டதும் அவ இல்லாம நடக்காது, குலவை போட அவளை அடிச்சுக்க ஆளு கிடையாது. பொண்ணைப் பாத்துட்டு அப்படியே இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனைக் கும்பிட்டு வரலாம்னு மல்லியப்பூ ஒரு பந்து வாங்கிப் பையில வச்சுக்கிட்டேன். எம் மகனுக்கு இந்த எடமாவது அமையணும்னு ஆத்தாளுக்கு நேந்திருந்தேன்.

மைதானம் சாத்தூர் தாண்டி ஒரு காலேஜ்ல. சாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்துச்சு. காலையிலேயே சுள்ளுன்னு வெயிலு. "நீங்க எந்தப் பிள்ளையோட அம்மா?"ன்னு ஒரு பொம்பள கேட்டா. பொண்ணு பாக்க வந்தோம்னு சொல்ல முடியுமா? "சும்மா காத்து வாங்க வந்தோம்"னா வேலுத்தாயி. அந்தப் பொம்பள வெயிலைப் பாத்தா, எங்களைப் பாத்தா, வேற நாற்காலிக்குப் போயிட்டா.

தங்கப்பழம் அண்ணாச்சி எதுத்த பக்கம் வேப்பமரத்தடியில எங்களைத் தெரியாத மாதிரியே நின்னாரு. அதுதான மரியாதை. பொண்ணு வரும்போது தோள்த்துண்டை உதறுவேன்னு ஏற்கெனவே சொல்லியிருந்தாரு. ஆனா பாவம், வெயிலுக்கு அவரு முகத்தைத் துடைக்கிறதும் துண்டை உதறுறதுமாவே நின்னாரு. அவரு கணக்குப்படி பாத்தா ஒரு இருபது பொண்ணு இருக்கணும் அவருக்கு. தண்ணிக் கேன் தூக்கிட்டுப் போன பையனுக்கும் உதறுனாரு.

நல்லவேளை, முதுகுல பேரு எழுதியிருந்துச்சு. வேலுத்தாயிதான் எழுத்துக் கூட்டிப் படிச்சா. "துர்கா, மதினி. அந்த நெட்டைப் பொண்ணு." நல்ல உசரம், மாநிறம், தோளு எங்க மில்லுல மூடை தூக்குற சங்கரலிங்கத்துக்கு இருக்கிற மாதிரி. அரை டவுசரு. வேலுத்தாயி கண்ணை மூடிக்கிட்டா. அப்புறம் தொறந்துக்கிட்டா.

அந்த நேரம் பாத்து அந்தப் பொண்ணு எங்க பக்கம் திரும்பிச் சிரிச்சுச்சு தாயி. பல்லு பூராம் நீலம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "பல் செட்டு மதினி"ன்னா வேலுத்தாயி. "இருபத்தஞ்சு வயசுல பல் செட்டா? அதான் முடியைப் பத்திக் கேக்கல!" அடப்பாவி மனுசான்னு வேப்பமரத்தைப் பாத்தேன். அவரு துண்டை உதறுனாரு. அப்புறம் பாத்தா மைதானத்துல எல்லாப் பிள்ளைகளுக்கும் பல்லு நீலம், சிவப்பு, ஒருத்திக்குப் பச்சை. அடி பட்டா பல்லு போகாம இருக்க ரப்பர் கவ்வியிருக்குதுகளாம். பல்லு போகுற அளவுக்கு என்ன விளையாட்டுன்னு நான் கேட்டு வாய் மூடல, விசில் அடிச்சுட்டான்.

அந்தப் பந்து இருக்கே, உருண்டையாவே இருக்காது. ஊதத் தெரியாதவன் ஊதுன பலூன் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் ஏழு பேரு. பந்தைத் தூக்கிட்டு ஓடிப் போய் அந்தக் கோட்டுக்கு அங்கிட்டு தரையில அமுக்கணும். அவ்வளவுதான். ஆனா பந்தை முன்னாடி இருக்கிறவளுக்குக் குடுக்கக் கூடாது. பின்னாடி வாரவளுக்குத்தான் குடுக்கணுமாம். முன்னாடி போறதுக்கு எதுக்குடி பின்னாடி குடுக்குறீகன்னு எனக்கு ஒரே எரிச்சல். பொறவு மூணு மூணு பேரா தோளைக் கோத்துக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு முட்டுதுக. யாரும் யாரையும் ஏசல. அது எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

துர்கா பந்தைத் தூக்கிட்டு ஓடுனா பாரு, எனக்கு நாற்காலியில இருப்புக் கொள்ளல. நாலு எட்டு வைக்கல, ரெண்டு பேரு வந்து இடுப்பைக் கட்டிப் புடிச்சு தொப்புன்னு கீழ போட்டு, மேல இன்னும் ரெண்டு பேரு. நான் எந்திரிச்சு ஓடிட்டேன் கோடு வரைக்கும். விசிலு வச்சிருந்த தம்பியைப் பாத்து, "ஏலே, ஒரு பொம்பளப் புள்ளைய நாலு பேரு போட்டு அமுக்குறாளுக, வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறியே, நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?"ன்னு கேட்டேன். "அம்மா, கோட்டுக்கு வெளிய நில்லுங்க. இதுதான் ஆட்டம்"னான்.

அவன் சொல்லி முடிக்கல, அவ எந்திரிச்சுட்டா. யாரும் தூக்கி விடல, யாரும் ஐயோன்னு சொல்லல. மண்ணைக் கூடத் தட்டல, அடுத்தாப்புல ஓட ஆரம்பிச்சுட்டா.

உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன தாயி. நான் ஒருக்க மில்லுல பெல்ட்டு தட்டி விழுந்தேன். பத்துப் பேரு ஓடி வந்து தூக்குனாக. தூக்கி உக்கார வச்சுட்டு, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை, மில்லை வித்துட்டு மகன்கூடப் போய் இரு"ன்னாக. இன்னைக்கு வரைக்கும் சொல்லுதாக. இந்தப் பிள்ளை விழுந்தா யாரும் அப்படிச் சொல்லல. விழுகுறதும் எந்திரிக்கிறதும் அவ ஆட்டம்னு விட்டுட்டாக. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அம்பத்தெட்டு வயசுல ஒரு சின்னப் பிள்ளையப் பாத்து வயித்தெரிச்சல் பட்டேன்.

அந்த ஆட்டம் மொத்தமே கால் மணி நேரம்கூட இல்ல. துர்கா பக்கம் ஜெயிச்சுருச்சு. அது செமி ஃபைனலாம், சாயந்தரம் ஃபைனலு. அதுல ஜெயிச்சாத்தான் திருச்சிக்குப் போய் பெரிய ஆட்டம் ஆடலாம்னு பக்கத்துல பேசிக்கிட்டாக.

ஆட்டம் முடிஞ்சு பிள்ளை எங்க முன்னாடியே வந்து தண்ணி குடிச்சுச்சு. மூக்குல ரத்தம். ரப்பர் பேண்டு அத்துப் போயி முடி மூஞ்சி பூராம் கெடக்கு. அதை ஒதுக்கக்கூட அதுக்குக் கை ஒழியல, ஒரு கையில பாட்டிலு, ஒரு கையால மூக்கைப் பிடிச்சிருக்கு. என் கை தன்னாலப் போச்சு தாயி. "இங்க வா"ன்னு இழுத்து உக்கார வச்சு, முந்தானையால ரத்தத்தைத் துடைச்சு, முடியை இழுத்து இறுக்கிப் பின்னுனேன். பின்னி முடிச்சா கை அடுத்து எங்க போகும்? பைக்குப் போச்சு. ஒரு துண்டு மல்லியப்பூவைக் கிள்ளி வச்சுட்டேன். முப்பது வருசமா தெருப் பிள்ளைகளுக்குப் பின்னுனா பூ வைக்கிற கை. மூளையைக் கேட்டா செய்யும்?

வேலுத்தாயி பாத்துட்டா.

அவளுக்கு என்ன, மதினி பூ வச்சுட்டா, அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. எடுத்தா பாரு ஒரு குலவை! மைதானம் பூராம் கேட்டுச்சு. எதுத்த டீமு பிள்ளைக எந்திரிச்சு நின்னுருச்சுக, ஏதோ சண்டைக்குக் கூப்பிடுறோம்னு நெனச்சு. வேப்பமரத்தடியில இருந்து தங்கப்பழம் அண்ணாச்சி கோடெல்லாம் தாண்டி ஓடி வாராரு. கண்ணு கலங்கிருச்சு மனுசனுக்கு. "சம்பந்தியம்மா!"ன்னாரு. காலையில நான் யாருன்னே தெரியாத மாதிரி நின்ன ஆளு.

அந்தப் பிள்ளை என்னையப் பாக்குது, அப்பாவைப் பாக்குது. தலையைத் தொட்டுப் பாக்குது. "நீங்க யாரு ஆன்ட்டி?"ன்னுச்சு.

"நான் மாப்பிள்ளையோட அம்மா."

"எந்த மாப்பிள்ளை?"

அண்ணாச்சி நேரா அவங்க கோச்சுகிட்டப் போயிட்டாரு. கோச்சும் ஒரு சின்னப் பொண்ணுதான், கழுத்துல விசிலு. "எங்க பொண்ணு சாயந்தரம் ஆடாது. பூ வச்சாச்சு. பூ வச்ச பொண்ணு மண்ணுல உருளக் கூடாது"ன்னாரு. கோச்சுக்கு முகம் செத்துப் போச்சு. ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குக் காலு பிசகிருச்சாம், மாத்தி எறக்க வேற ஆளு இல்ல. துர்கா இல்லேன்னா ஆறு பேரு வச்சுத்தான் ஆடணும். ஆறு பேரு வச்சு ஆடுறதும் ஆடாம வீட்டுக்குப் போறதும் ஒண்ணுதான்னு கோச்சு சொல்லுச்சு.

துர்கா அழல. அழுதிருந்தா எனக்குச் சமாளிக்கத் தெரியும். பக்கத்துல வந்து உக்காந்து, "அம்மா, எங்க அப்பா இதுக்குத்தான் நாலு வருசமாக் காத்துக்கிட்டு இருந்தாரு. நான் இந்தப் பூவை எடுத்துரவா?"ன்னு மெதுவாக் கேட்டுச்சு.

"ஐயோ, எடுத்துராத"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். "எம் மகனுக்கு ஆகாது."

"அப்ப நான் ஆட வேணாமா?"

எழுந்து போய் அண்ணாச்சிகிட்டப் பேசுனேன். "ஆடட்டும் அண்ணாச்சி, நம்ம பிள்ளைதான, நானே சொல்றேன்"னேன். அவரு சிரிச்சாரு. "இன்னைக்கு இப்படிச் சொல்வீங்க சம்பந்தியம்மா. நாளைக்கு மூக்கு ஒடிஞ்சு போச்சுன்னா நீங்களே வேணாம்பீங்க. உங்க பூ எம் பொண்ணு தலையில இருக்கிற வரைக்கும் அவ கோட்டுக்குள்ள எறங்க மாட்டா. கல்யாணத்துக்கு அப்புறம் உங்க இஷ்டம்"னாரு. நியாயமாத்தான் பேசுனாரு. எனக்குத்தான் அந்த நியாயம் பிடிக்கல.

வேலுத்தாயி இன்னொரு பக்கம் காதுல ஓதுறா. "மதினி, நம்ம செண்பகத்துக்கு இந்த மாதிரி ஒரு எடம் இனி அமையாது. வாய மூடிக்கிட்டு இருங்க. இவ ஆடுனா என்ன, ஆடாட்டி என்ன?" அவ சொன்னதும் சரி. அந்த மைதானத்துல எல்லாரு சொன்னதும் சரியா இருந்துச்சு தாயி. அந்தப் பிள்ளை மட்டும் ஒண்ணும் சொல்லாம ஷூ கயித்தை அவுத்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு கயித்தை அவுத்துருச்சு. ரெண்டாவதைத் தொட்டுச்சு.

எனக்கு அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. பையைத் தூக்குனேன். ஆத்தாளுக்கு வாங்குன பூப்பந்து அப்படியே இருந்துச்சு. பக்கத்துல பம்பைத் தலையா ஒரு குட்டிப் பிள்ளை, சரண்யான்னு பேரு, தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அதைப் பிடிச்சு உக்கார வச்சேன். தலையைப் பின்னி ஒரு கிள்ளு வச்சேன். அடுத்தவளைக் கூப்பிட்டேன். அடுத்தவளை. காலு பிசகுன பிள்ளைக்கும் வச்சேன். ஒருத்திக்குப் பையன் மாதிரி கிராப்பு, அவளுக்குக் காதுல சொருகுனேன். விசிலு வச்சிருந்த தம்பி ஓடி வந்து, "கொண்டை ஊசி, பின்னு எதுவும் கூடாதும்மா"ன்னான். "நூலைத்தான்டா முடியிறேன், போடா அங்கிட்டு"ன்னேன். கோச்சுக்கும் வச்சேன். எதுத்த டீமு பிள்ளைக நாலஞ்சு வந்து, "எங்களுக்கு ஆன்ட்டி?"ன்னு நின்னுச்சுக. அதுக என்ன பாவம் பண்ணுச்சு, அதுகளுக்கும் வச்சேன். வேலுத்தாயி ஒவ்வொருத்திக்கும் குலவைக்கு வாயைத் தொறந்து தொறந்து மூடுனா.

அண்ணாச்சி வந்துட்டாரு. "என்ன சம்பந்தியம்மா இது?"

"பூ அண்ணாச்சி. பிள்ளைக வெறுந்தலையா இருந்துச்சுக."

"அப்ப எம் பொண்ணுக்கு வச்சது?"

"அதுவும் பூதான்."

அவரு அந்தப் பிள்ளைகளை ஒவ்வொண்ணாப் பாத்தாரு. எல்லாத் தலையிலயும் அதே மல்லி. "அப்ப சம்பந்தம்?"ன்னாரு.

"இத்தனை பேரையும் கட்டிக்க எம் மகனால முடியாது அண்ணாச்சி"ன்னேன்.

துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டாரு. போறதுக்கு முன்னாடி என்னையப் பாத்து ஒரு பார்வை பாத்தாரு பாரு. நியாயம்தான். நாலு வருசத்துல அந்த மனுசனுக்கு அரை மணி நேரந்தான் நிம்மதி கெடச்சுச்சு, அதையும் நான் பிடுங்கிட்டேன். ஆனா வீட்டுக்குப் போகல. வேப்பமரத்தடியிலேயே நின்னுக்கிட்டாரு. துர்கா அவரைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு, ஷூ கயித்தைக் கட்டிக்கிட்டு எந்திரிச்சுச்சு.

ஆத்தாளுக்கு வாங்குன பூவை எடுத்து, எம் மகனுக்கு அமைஞ்ச எடத்தை நானே கெடுத்துக்கிட்டேன். எந்த அம்மாவாவது செய்வாளா? வேலுத்தாயி அப்ப விட்ட பேச்சுதான், இன்னும் என்கூடப் பேசல.

ஃபைனலைக் கேளு. ரெண்டு பக்கமும் சமமா இருக்கு, நேரம் முடியப் போகுது. துர்கா பந்தைத் தூக்கிட்டு ஓடுறா. மூணு பேரு வந்து விழுறாளுக. நான் கோட்டு ஓரமா ஓடுறேன், கத்துறேன், "பின்னாடி குடு! ஏட்டி, பின்னாடி குடு!"ன்னு. காலையில பின்னாடி எதுக்குக் குடுக்கணும்னு கேட்டவ நான்தான். அவ விழுந்துக்கிட்டே பின்னாடி தள்ளி விட்டா. அந்தக் குட்டி சரண்யா கையில விழுந்துச்சு. அவ்வளவுதான், குட்டி பிச்சுக்கிட்டுப் போச்சு, கோட்டுக்கு அங்கிட்டு போய் விழுந்து அமுக்கிருச்சு. விசிலு. மைதானம் பூராம் மல்லியப்பூ நசுங்கிக் கெடந்துச்சு. எதுத்த டீமு பிள்ளைக தலையிலயும் ஒண்ணும் மிச்சமில்ல.

நான் குலவை போட்டேன். எனக்குச் சரியா வராது, ஆனாலும் போட்டேன்.

அப்புறம் துர்கா வந்துச்சு, மூக்குல பஞ்சு வச்சுக்கிட்டு. ஆத்தாளுக்கு நேந்தது ஒண்ணு, செஞ்சது ஒண்ணா ஆயிருச்சே, எனக்கு மனசு கேக்கல. "தாயி, உங்க அப்பாகிட்டக் கேக்கல, தரகர்கிட்டக் கேக்கல. உன்கிட்டக் கேக்குறேன். எம் மகனைக் கட்டிக்கிறியா?"ன்னேன்.

அந்தப் பிள்ளை யோசிச்சுச்சு. மரியாதைக்கு யோசிக்கல, நெசமாவே யோசிச்சுச்சு. "இல்லம்மா. இப்ப வேணாம். அவரை எனக்குத் தெரியவும் தெரியாது"ன்னுச்சு. சொல்லிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க திருச்சிக்கு வாங்க"ன்னுச்சு.

இத்தனை வருசத்துல எம் மகனை வேணாம்னு சொன்ன பொண்ணுகள்ல மூஞ்சிக்கு நேரா சொன்னது இவ ஒருத்திதான். மத்ததெல்லாம் ஜாதகம் சொல்லுச்சு, தரகர் சொன்னாரு, சித்தப்பா சொன்னாரு. எனக்கு அங்கனயே அழுகை வந்துருச்சு. வருத்தத்துல இல்ல தாயி. என்னைய ஒரு மனுசியா மதிச்சு ஒருத்தி பதில் சொன்னாளேன்னு. எனக்குக் கல்யாணம் பேசுனப்ப என்னைய யாரும் இப்படிக் கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னும் எனக்குத் தெரியல. அன்னைக்கு ராத்திரி படுத்துக்கிட்டு அதைத்தான் யோசிச்சேன்.

மகனுக்கு அங்க இருந்தே போனைப் போட்டேன். நடந்தது பூராத்தையும் சொல்லி, "எடம் போச்சுடா"ன்னேன். பய சிரிச்சான். நிறுத்தாமச் சிரிச்சான். ஏமாத்தத்தை மறைக்கத்தான் அப்படிச் சிரிச்சிருப்பான், பெத்தவளுக்குத் தெரியாதா? பக்கத்துல அந்த மெர்சிப் புள்ளையும் சிரிச்சுச்சு. ஞாயித்துக்கிழமையும் வேலை வாங்குறான் போல அந்தக் கம்பெனிக்காரன்.

இப்ப அந்தப் பிள்ளைகளுக்குத்தான் திருச்சியில பெரிய ஆட்டம். ரெண்டு பாதிக்கு நடுவுல ஜூஸ் கலக்கிக் குடுக்கணும், கோச்சு பாவம் ஒத்தப் பொண்ணு. தங்கப்பழம் அண்ணாச்சியும் வாரார்னு கேள்விப்பட்டேன். என்கிட்டப் பேச மாட்டாராம், ஆனா வாராராம். வரட்டும். அங்கயும் ஏதாவது ஒரு மரம் இருக்கும்.

ஆமா, உன் கழுத்துல ஒண்ணும் காணோமே. கல்யாணம் ஆகலையா? நெனச்சேன். பேசிக்கிட்டு வாரதுல ஒரு அடக்கம், நடுவுல ஒரு வார்த்த பேசல நீ. உங்க அப்பா நம்பரை நான் கேக்கப் போறதில்ல தாயி, அதெல்லாம் விட்டாச்சு. இப்ப நான் நேராத்தான் கேக்குறது. எம் மகன் செண்பகராஜைக் கட்டிக்கிறியா? யோசிச்சுச் சொல்லு. வேணாம்னா வேணாம்னு சொல்லிரு, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, திருச்சி வரைக்கும் சிரிச்சுப் பேசிக்கிட்டே போவோம்.

என்னது? சத்தமாச் சொல்லு, பஸ்ஸு இரையுது.

கேட்டாச்சான்னா? எவன்கிட்ட?

எம் மகன்கிட்டயா?

கட்டிக்கிறியான்னா? அவனுக்கு யாரைக் கட்டிக்க ஆசைன்னா?

முப்பத்தி நாலு வயசு ஆகுது தாயி அவனுக்கு. அவன்கிட்ட யாருமே கேக்கலையே.